மண்ணிற மூக்கு

2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்குள், ஊர்காவற்றுறைக்குத் தெற்கே கண்டல்முனைக் குறிச்சியில் இருந்த நூற்றுப் பதினாறு பேருக்கும் மூக்கு நிறம் மாறியிருந்தது. மூக்கின் நுனியில், இரண்டு துவாரங்களையும் சுற்றி, மெழுகை உருக்கி ஊற்றி ஆறவிட்டதுபோல ஒரு தோல் தடித்திருந்தது. ஆண்களுக்கு அது நீலம். பெண்களில் சிலருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, சிலருக்கு வெளிறிய நீலத்தில் வெள்ளை வளையம், சிலருக்குக் காய்ந்த தேயிலைச் சாயம்போல மண்ணிறம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு றோசா. நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, மணம் பிடிப்பதிலும் குறைவில்லை. அன்று ஒட்டி மீன் கிலோ ஆயிரத்து நானூறு ரூபா. வாங்கப் போனவர்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, விற்றமின் சி குளிசை கொடுத்து அனுப்பினார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து பதினாலு கிணறுகளுக்கும் குளோரின் போட்டுவிட்டுப் போனார். ஒரு கிழமைக்கு எல்லாருடைய சோறும் குளோரின் மணத்தது. மூக்குகள் அப்படியே இருந்தன.

இது என்னவென்று முதலில் கண்டுகொண்டவள் கோசலா. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிற வேலை. தாய் தகப்பன் இல்லை, இரண்டு தமையன்மாரும் கனடாவில். கலியாணம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் சீனியைக் கொஞ்சம் குறைத்து நிறுப்பாள் என்று ஒரு கதை இருந்தது. குசினிக்குப் பின்னால் பழைய கோழிக்கூட்டுக்கு வலையடித்து, மண் முட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, லவ் பேர்ட்ஸ் வளர்த்தாள். நாற்பது குருவிகள் இருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை அவற்றுக்குத் தினை போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது, தன் மூக்கில் வெளிறிய நீலமும் வெள்ளை வளையமும் இருக்கக் கண்டாள். பருவத்தில் இல்லாத பேட்டின், பெண்குருவியின், சொண்டுக்கு மேல் இருக்கும் அதே தோல், அதே நிறம். அவளுக்குப் பயம் வரவில்லை. நேற்றுப் பூட்டிய கதவை இன்று திறந்து பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

அவள் செய்த பிழை ஒன்றுதான். கேட்டவுடன் சொன்னாள். கேட்டவர் பரராசசிங்கம். அறுபத்திரண்டு வயது. ஒருகாலம் பதுளையில் புடவைக்கடை வைத்திருந்து, கலவரத்தில் அது எரிந்தபின் ஊருக்கு வந்து கலியாணத் தரகராகியவர். தீவுப்பகுதிப் பெட்டைகளின் சாதகங்களைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார். அவர் அவளுடைய வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, "பிள்ளை, உது என்ன நிறங்கள் எண்டு குருவி வளக்கிற உமக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லும் பாப்பம்" என்றார். அவள் சங்கக்கடையில் நின்ற பதினைந்து வருடத்தில் அந்தக் குறிச்சியில் யாரும் அவளிடம் அரிசி, சீனி தவிர வேறொன்றையும் கேட்டதில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நீலம் சேவல். வெள்ளையும் வெளிர்நீலமும் பேடு, சும்மா இருக்கிற பேடு. மண்ணிறமாகித் தடித்துப் பொருக்கு விட்டால் முட்டையிடத் தயாரான பேடு. துளைதுளையாகப் பாண் துண்டுபோல வந்தால் பேன். எண்ணெய் பூசினால் மாறும். அவர் சாதகம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். இதற்கெல்லாம் விலக்குகளும் இருக்கின்றன என்று அவள் தொடங்கியபோது பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, "காணும் பிள்ளை, இவ்வளவும் காணும்" என்று எழும்பிவிட்டார்.

சித்திரை முடிவதற்குள் ஊரில் சாதகம் பார்ப்பது குறைந்து மூக்குப் பார்ப்பது வந்தது. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிற படங்களில் பெட்டையின் மூக்கை மட்டும் பெரிதாக எடுத்த படமும் ஒன்று சேர்ந்தது. மண்ணிறம் கேட்டார்கள். கரும் மண்ணிறமென்றால் சீதனத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். வெள்ளை மூக்குக்காரிகளைப் பரராசசிங்கம் "பழுது" என்றார். அதைச் சொல்லும்போது கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக் கூடையில் எறிகிறவரின் முகம் அவருக்கு வந்தது. பொருக்கு உண்மையா என்று பார்க்க வலக்கைச் சுட்டுவிரல் நகத்தை நீட்டி வளர்த்து, பெண்பிள்ளைகளின் மூக்கைச் சுரண்டினார். சுரண்டியதை வேட்டியில் துடைத்தார். தாய்மார் பக்கத்தில் நின்று, நகத்தில் எவ்வளவு வந்தது என்று எட்டிப் பார்த்தார்கள். கோசலா சங்கக்கடையில் நின்று அந்த வேட்டியைப் பார்ப்பாள். வலது தொடைப்பக்கம் மண்ணிறக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

பக்கத்து வளவுச் சிவக்கொழுந்துவின் மகள் தர்சனாவுக்கு இருபத்துமூன்று வயது, மூக்கு பால் வெள்ளை. இலண்டன் மாப்பிள்ளையின் தாய் நேரில் வருகிறாள் என்றதும் சிவக்கொழுந்து பனங்கட்டியைத் தாச்சியில் கருக்கி, மகளுடைய மூக்கில் அப்பி, விசிறியால் ஆற்றிப் பொருக்காக்கினாள். "சும்மா இருக்கிற பேடு எண்டால் பழுதில்லை அக்கா, அதுக்குப் பிடிச்ச இடம் கிடைச்சால் தானாய் நிறம் வரும்" என்று கோசலா வேலியால் சொன்னாள். "உம்மடை குருவிக்கதையை உம்மோடை வைச்சிரும்" என்றாள் சிவக்கொழுந்து. ஆனாலும் நிறத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்று கோசலாவையும் கூப்பிட்டு இருத்தினார்கள்.

பெட்டையைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். கதிரைக்காலில் முதலில் ஒரு செவ்வெறும்பு ஏறியது. பிறகு ஒரு நிரை ஏறியது. சேலைக்கரை, கை, தோள், கழுத்து என்று அது மேலே போய், வாயோரத்தால் வளைந்து மூக்கில் மொய்த்தது. தாயின் கண் அவளை அசையவிடவில்லை. தர்சனாவின் கண்ணால் நீர் வடிந்து, எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. மாப்பிள்ளையின் தாய் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு எறும்பைத் தட்டிவிட்டு, பொருக்கில் ஒரு துண்டை நகத்தால் பெயர்த்துத் தன் நாக்கில் வைத்தாள்.

"இனிக்குது" என்றாள்.

பரராசசிங்கம் சிரித்தார். கோசலா எழும்பி ஓடிக் கிணற்றடியில் சத்தி எடுத்தாள். காலையில் தின்ற இடியப்பம் முழுவதும் வந்தது. பிறகு மஞ்சள் தண்ணீர் வந்தது. அந்தக் கிழவியின் நாக்கும், தரகரின் நகமும், சிவக்கொழுந்துவின் கண்ணும் அருவருப்பாக இருந்தன. ஆனால் எல்லாவற்றையும்விட, இந்த நிறங்களின் பெயர் முதலில் வெளியே வந்த தன் வாய்தான் அவளுக்கு அரியண்டமாக இருந்தது. சாம்பல் போட்டுப் பல்லைத் தேய்த்தாள். அந்தக் கலியாணம் நடக்கவில்லை. தர்சனா அடுத்த மாதமே வவுனியாவில் ஒரு தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லாரும் முகக்கவசம் போட்டுத்தான் தைப்பார்களாம்.

ஆனி மாதம் பரராசசிங்கத்தின் மூக்கில் நீலம் மங்கத் தொடங்கியது. ஆடி அமாவாசைக்கு அது முழு மண்ணிறம், பொருக்கோடு. ஊருக்கு அது திருவிழா. தேத்தண்ணிக் கடையில் "அக்கா, வாங்கோ, இருங்கோ" என்றார்கள். தம்பையா என்ற தொண்ணூறு கிலோ மனிதர் எல்லாருக்கும் முன்னால் அவருடைய மூக்கைச் சுரண்டிப் பார்த்து, "முட்டையிடுற பதம்" என்றார். சனம் சிரித்தது. பரராசசிங்கம் நீலப் பேனையின் மையை மூக்கில் பூசிக்கொண்டு வந்தார். வியர்வைக்கு அது கரைந்து மீசையில் இறங்கியது.

கோசலா சிரிக்கவில்லை. கேட்காமல் விட்ட விலக்கு அதுதான். அவளுடைய கூட்டில் முன்பு ஒருமுறை இரண்டு சேவல்களுக்கு நீலம் போய் மண்ணிறம் வந்திருந்தது. சேவல் பேடாவதில்லை. உள்ளே விதையில் கட்டி வளரும்போது அந்த நிறம் வரும். இரண்டும் வயிறு வீங்கி, ஒரு கால் இழுத்து, நாலு மாதத்தில் முட்டியின் அடியில் செத்துக் கிடந்தன. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பதினொரு நாள் சொல்லவில்லை. மனிதர் கடைக்கு வந்து அரைக்கிலோ சீனி வாங்கிக்கொண்டு காலை அகட்டி அகட்டிப் போவதை ஒவ்வொரு நாளும் பார்த்தாள். போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்த ஒவ்வொரு முறையும் வாயில் பனங்கட்டி இனித்தது. பன்னிரண்டாம் நாள் அந்த இனிப்புத் தாங்காமல் அவருடைய வீட்டுக்குப் போனாள். அவருடைய மனுசியும் அங்கே நின்றாள்.

"அண்ணை, உது பொம்பிளை ஆனதில்லை. உது வருத்தம். பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"கீழை கட்டி ஒண்டு இருக்கும். தடவிப் பாத்தனீங்களோ?"

பரராசசிங்கம் கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார். "கலியாணம் முடிக்காத பொம்பிளை! ஒரு ஆம்பிளையிட்டை என்ன இடத்தைப் பற்றிக் கதைக்கிறீர்? வெக்கமில்லையே உமக்கு? ஒராளின்ரை உடம்பை இப்பிடியோ நோண்டுறது?"

கோசலா அவருடைய வேட்டியில் இருந்த கோடுகளைப் பார்த்தாள். மனுசிதான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "மாசியிலை இருந்து இருக்குது. புளியங்கொட்டை அளவு இருந்தது, இப்ப எலுமிச்சங்காய்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்ய ஏலாது என்று டொக்டர் சொன்னாராம். ஆவணி கடைசியில் அவர் திரும்பி வந்தபோது மூக்கு பழையபடி நீலமாக இருந்தது. வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. நகம் பழையபடி நீண்டிருந்தது. கடைக்காரர்கள் மறுபடியும் அண்ணை என்றார்கள். சைக்கிளும் பிளாஸ்ரிக் பையும் வெளிக்கிட்டன.

அதே ஆவணியில் கோசலாவின் மூக்கு மண்ணிறமாகியது. ஏனென்று அவளுக்கே தெரியாது. முதல் மழை பெய்திருந்தது, தினை நல்லதாக வந்திருந்தது, மனசில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. பேடுகளுக்கு அவ்வளவு போதும். சங்கக்கடைப் பழைய பேப்பர்களை நீட்டு நீட்டாகக் கிழித்து மூலையில் குவித்தாள். மரப்பெட்டிகளின் விளிம்பைக் காரணமில்லாமல் நகத்தால் உரித்தாள். நல்ல பசி எடுத்தது. எவருடைய கதையும் பிடிக்கவில்லை.

பரராசசிங்கம் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு வந்தார். உயிர் தந்ததற்குக் கைமாறு செய்ய வந்ததாகச் சொன்னார். கைமாறு என்பது ஸ்காபரோவில் ஒரு தாரமிழந்தவர், ஐம்பத்தெட்டு வயது, சொந்த வீடு. தமையன்மாருக்கு ஏற்கெனவே படம் போய்விட்டது. படத்தை எப்போது எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சீனி நிறுக்கும்போது யாரோ எடுத்திருக்க வேண்டும்.

"உந்த வயசிலை உந்த நிறம் வாறது அருமை பிள்ளை. நிண்டு பிடிக்காது. இப்பவே முற்றாக்க வேணும்" என்றார். "எனக்கு விருப்பமில்லை அண்ணை, போயிட்டு வாங்கோ" என்றாள். "உம்மடை விருப்பத்தை ஆர் கேட்டது? பொருக்கு உண்மையோ எண்டு ஒருக்காப் பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு அந்த விரலை நீட்டினார். நகத்துக்குள் யாரோ ஒருத்தியின் மண்ணிறம் இருந்தது.

கோசலா கடித்தாள். எலும்பு பல்லில் பட்டது. பருவத்துப் பேடு கடிக்கும், கூட்டுக்குள் கைவிடக்கூடாது என்பது அவர் எழுதிக்கொள்ளாத இன்னொரு விலக்கு. வாய்க்குள் இரத்தமும் டெற்றோலும் மூக்குப்பொடியும் பெயர் தெரியாத பெண்பிள்ளைகளின் தோலும் ஒன்றாக வந்தன. ஓங்காளம் வந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. அவர் "ஐயோ" என்று மூன்று தரம் கத்திய பிறகுதான் விட்டாள். வாழைப்பழச் சீப்பை அவருடைய சைக்கிள் கூடைக்குள் திருப்பி வைத்தாள். கிணற்றடிக்குப் போய் உப்புத் தண்ணீரால் ஏழு தரம் வாய் கொப்பளித்துவிட்டு, குருவிகளுக்குத் தண்ணீர் மாற்றினாள்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். நகம் போனது போனதுதான். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதத் தொடங்கினார்கள். கடிக்கும்போது விரல் எங்கே இருந்தது என்று பொலிஸ்காரர் கேட்டார். பரராசசிங்கம் யோசித்துவிட்டு முறைப்பாடு வேண்டாமென்று எழும்பி வந்தார். அந்த மாதத்தில் குறிச்சியில் இன்னும் மூன்று பேருக்குக் கடி விழுந்தது. ஒன்று மூக்குப் பார்க்க வந்த ஒரு மாமியாருக்கு, ஒன்று தம்பையாவுக்கு, ஒன்று இலண்டனிலிருந்து வந்த ஒருவருக்கு. அதற்குப் பிறகு யாரும் யாருடைய மூக்கையும் தொடுவதில்லை.

இப்போது அங்கே பிறக்கிற பிள்ளைகள் றோசா மூக்கோடு பிறக்கின்றன. வளர்ந்த பிள்ளைகளுக்கு நிறம் எடுக்கும்போது பொங்கிப் படைக்கிறார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறார். நீலம் மங்கிய ஆண்கள் ஒருவரும் சொல்லாமலே யாழ்ப்பாணத்து பஸ் ஏறுகிறார்கள். கடைசியாகப் போன இரண்டு பேரும் சுகமாக வந்துவிட்டார்கள். கோசலாவின் மூக்கு வருடத்தில் இரண்டு தரம் மண்ணிறமாகி, இரண்டு தரம் வெளிறுகிறது. தமையன்மார் மூக்கைப் பற்றிக் கேட்பதில்லை, சுகமோ என்று கேட்கிறார்கள். மண்ணிற நாட்களில் குருவித்தீன் வாங்க அவள் யாழ்ப்பாணம் போனால், எவ்வளவு சனம் நெருக்கினாலும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருப்பதில்லை. அவள் அதில் தினைப் பையை வைத்துவிட்டு, யன்னலோரமாக இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.