ஏயும் ஆரும் வரும் ஐந்தெழுத்து

மலையிறக்கத்தில் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் இருக்க இன்பமேரி டீச்சர் கண்டுபிடித்த மருந்து இங்கிலீஷ். அவள் இரண்டு எழுத்துகளைக் கொடுப்பாள். அந்த இரண்டும் வரும்படி ஐந்தெழுத்து வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைவுக்கு ஒருவர், வளைவு முடிவதற்குள் சொல்லாவிட்டால் அவுட். யோசனையில் இருக்கிற வயிறு குமட்டாது என்பது அவள் கணக்கு. அநேகமாக அது பலிக்கவும் செய்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடித் தூறலில், மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சேலத்தில் நடக்கும் வார்த்தைப் போட்டிக்கு வேனில் அழைத்துப் போனாள். எஸ்டேட் கொடுத்த பழைய மெட்டடார் வேன். பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கயிறுதான். வண்டியை ஓட்டியவர் அவளுடைய கணவர் சிங்கராயர். ஆட்டத்தில் அவருக்கும் ஒரு முறை உண்டு.

“ஏனுங்க டிரைவரண்ணா, நீங்க ரோட்டைப் பார்ப்பீங்களா, ஸ்பெல்லிங்கப் பார்ப்பீங்களா?” என்று பின்னாலிருந்து பாவாயி கேட்டாள். பேச்சில் யாரையும் விடமாட்டாள் அந்தப் பெண்.

“ரோட்டுக்குக் கண்ணு, ஸ்பெல்லிங்குக்கு வாயி. ரெண்டும் வேற வேற ஆபீசு சாமி.”

“ஏயும் ஆரும்” என்றாள், முன்சீட்டில் அவர் பக்கத்தில் இருந்த இன்பமேரி.

தேவகுமாரி ‘பிரெட்’ என்றாள். அடுத்த வளைவில் பாவாயி ‘சுகர்’. அதற்கடுத்து சிங்கராயர், “ரேடியோ.” பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சரி என்றார்கள். பிறகு ‘கிரேப்’ வந்தது, ‘டிரெய்ன்’ வந்தது. மறுபடி அவர் முறை.

“ரேடியோ.”

“அவுட்டு! டிரைவரண்ணா அவுட்டு!”

“ரேடியோ” என்றார் அவர்.

வேனே சிரித்தது. இன்பமேரியும் சிரித்தாள். வீட்டிலும் இதுதான் அவருடைய வழக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஆடும்போது தோற்கப்போகிறார் என்றால், சொன்ன வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லி, அவள் கரண்டியை ஓங்கும்வரை விடமாட்டார். பிள்ளைகள் முன்னாலும் அந்தக் குறும்பா என்று நினைத்துக்கொண்டு, “போதுமுங்க, வேற சொல்லுங்க” என்றாள்.

“ரேடியோ. ரேடியோ.”

வளைவு கடந்துபோனது. அவர் ஹாரன் அடிக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு வளைவைக்கூட அவர் ஹாரன் இல்லாமல் திரும்பியதில்லை. அவள் அவரைப் பார்த்தாள். வலது கை ஸ்டீரிங்கை விட்டு வழுக்கி, நனைந்த துணிபோல மடியில் கிடந்தது. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. இடது கை மட்டும் வண்டியைப் பிடித்திருந்தது. அவர் கண்கள் அவள் பக்கம் ஒரு கணம் திரும்பின. மயக்கமில்லாத, தெளிவான கண்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான நாள் முதல் அந்தக் கண்ணில் அவள் பயத்தைப் பார்த்ததே இல்லை; இப்போது பார்த்தாள்.

பிரேக்கை மிதிக்க வேண்டிய வலது கால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வண்டி வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

கத்தினால் பிள்ளைகள் எழுந்து ஒரே பக்கமாகச் சாய்வார்கள். எவளாவது அந்தக் கயிற்றை அவிழ்ப்பாள். இன்பமேரி வகுப்பில் பேசுகிற குரலை எங்கிருந்தோ வரவழைத்தாள்.

“புள்ளைங்களா, இப்பக் கஷ்டமானது ஒண்ணு. ஏழு எழுத்து. கியூவும் இசட்டும் வரணும். கம்பியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, கண்ணை மூடி யோசிக்கணும். கண்ணைத் தொறந்தா அவுட்டு.”

“நொம்பக் கஷ்டமுங்க டீச்சர்!”

“பேசினாலும் அவுட்டு.”

வேன் அமைதியானது. அந்த அமைதியில் டயரின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் பக்கம் நெருங்கி இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தாள்.

“ஏனுங்க, இதை நான் புடிச்சுக்கறேன். நீங்க கியரை எறக்குங்க.”

அவர் அசையவில்லை. அவள் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அவள் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே தடுப்புக் கற்கள் ஓடின. அதற்கப்பால் வெறும் வெள்ளை மஞ்சு மூட்டம்.

“ஏனுங்க.”

இடது கால் கிளட்சை மிதித்தது. இடது கை கியருக்குப் போனது. எஞ்சின் அலறியது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வேகம் குறைந்தது. இன்னொரு தடவை அதே அலறல். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கீழே மஞ்சுக்குள் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

மலைச்சுவர் வலப்பக்கம். அங்கேதான் பஸ்ஸும் வரும். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. அவள் ஸ்டீரிங்கைச் சுவர்ப் பக்கமாக, பலம் கொண்டமட்டும் மேல்நோக்கித் தள்ளினாள். முன்சக்கரம் சுவரோர வடிகாலுக்குள் இறங்கியது. தகரம் கல்லில் உரசிக் கிழிந்தது. எஞ்சின் நின்றது. கைநீட்டினால் தொடும் தூரத்தில் பஸ்ஸின் மூக்கு.

“யோவ், ஊட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்திக்கொண்டே பஸ் டிரைவர் இறங்கி வந்தார். கண்ணாடி வழியாகச் சிங்கராயரின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. “ஐயோ. என்னங்கம்மா ஆச்சு இவருக்கு?”

பஸ் டிரைவர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து சிங்கராயரைத் தூக்கப் பார்த்தார். இடது கை கியர்க் கம்பியை விடவில்லை. “உடுங்கண்ணா, கல்லு வச்சாச்சு. வண்டி எங்கயும் போவாது.” கை இன்னும் இறுகியது.

இன்பமேரிக்குப் புரிந்தது. பிள்ளைகளை இறக்கி, ஒவ்வொருவராக முன்கண்ணாடிக்கு எதிரே வரச்சொன்னாள். “பாருங்க, தேவகுமாரி எறங்கிட்டா. இது பாவாயி...” கடைசிப் பெண் வரை பேர் சொல்லிக் காட்டினாள். அவர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பாவாயி அழுதுகொண்டே, “நான் கண்ணைத் தொறக்கவே இல்லைங்க டிரைவரண்ணா” என்றாள்.

விரல்கள் அதன் பிறகுதான் கம்பியை விட்டன.

பின்னால் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்த ஊர்க்காரர் மாதையனின் ஜீப்பில், பழங்களை ரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு, அவரை ஏற்றினார்கள். அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இன்பமேரி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தினால் அவர் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளைகளைப் பஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்றாள், சேலத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்றாள், எஸ்டேட்டில் தகரத்துக்காகத் திட்டமாட்டார்கள் என்றாள்.

அடிவாரத்தில் மாதையன் ஜீப்பை ஓரம் கட்டினார். திரும்பிச் சிங்கராயரின் முகத்தைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, “டீச்சரம்மா, போதுங்க” என்றார்.