பூட்டின் மூன்றாவது எண்

"சுத்துடா, சீக்கிரம்!"

கிரில் கதவில் தொங்கிய எண் பூட்டை மாப்பிள்ளைத் தோழன் கோகுலன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மாப்பிள்ளை யுகேந்திரனின் தலைப்பாகை ஒரு கண்ணை மறைத்தது. மணி எட்டு நாற்பது. ஒன்பதரைக்குள் தண்ணீர்மலைக் கோயிலில் தாலி ஏற வேண்டும். அதன் பிறகு மேடை அடுத்த ஜோடிக்கு.

கிரிலுக்கு உள்ளே மணப்பெண்ணின் தங்கை ஷர்மினி. கையில் தட்டு, தட்டில் மூன்று கிளாஸ் பாகற்காய்ச் சாறு. பெண்ணை அழைக்க வரும் மாப்பிள்ளையை வாசலிலேயே மறித்து வதைப்பது, சீனர் வீட்டுக் கல்யாணங்களில் பார்த்துக் கற்ற விளையாட்டு.

"மறுபடி சொல்றேன் மாமா. மூணு எண். எங்க மாடியை மீதி இல்லாம வகுக்கிற எண்கள் எத்தனை? எங்க கதவு நம்பரை எத்தனை? எங்க அக்கா வயசை எத்தனை? ஒரு தப்புக்கு ஒரு கிளாஸ்."

"ஈஸிலா!" என்றான் கோகுலன். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். "மாடி இருபத்து மூணு. பகா எண். ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதுவும் வகுக்காது. ஆக ரெண்டு. கதவு ஒன்பது. ஒண்ணு, மூணு, ஒன்பது. ஆக மூணு. பொண்ணு வயசு?"

"இருபத்தொன்பது," என்றார் பின்னால் நின்ற குணவதி, யுகேந்திரனின் அம்மா. முப்பது வயது மகனுக்குப் பெண் பார்த்தபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, மருமகள் ஒரு நாளாவது இளையவளாக இருக்க வேண்டும் என்பது.

ஷர்மினி வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்து பாய்ந்து வந்த மருதாணிக் கை ஒன்று அதைப் பொத்தியது. மணப்பெண் பிரமிளாவின் கை.

"அதுவும் பகா எண். ரெண்டு!"

இரண்டு, மூன்று, இரண்டு. பூட்டு அசையவில்லை. யுகேந்திரன் முதல் கிளாஸைக் குடித்தான். முகம் கசங்கிய வேட்டியானது.

பின்வாங்கிய கோகுலன் சுவரில் எழுதியிருந்த மாடி எண்ணைப் பார்த்தான். 23A.

"அடச்சே! சீனருக்கு நாலுன்னா சாவு, ஆகாதுன்னு இருபத்து நாலை 23A-ன்னு போட்டு வச்சிருக்கான்! இருபத்து நாலுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, எட்டு, பன்னெண்டு, இருபத்து நாலு. மொத்தம் எட்டு!"

எட்டு, மூன்று, இரண்டு.

ஊஹூம். இரண்டாவது கிளாஸும் இறங்கியது.

"கணக்குல தப்பே இல்ல. பூட்டுதான் ரிஜெக்ட் பீஸ்!"

"ஏம்மா ஷர்மினி, நீயே திறந்து விடு," என்றார் குணவதி, மூக்குக் கண்ணாடியை மாட்டியபடி. "அப்படி என்ன நம்பர்தான், நானும் பார்க்கிறேன்."

உள்ளே பிரமிளாவுக்கு வியர்த்தது. மணி எட்டு ஐம்பத்தாறு.

"அம்மா, லிஃப்டு வந்துருச்சு! பிடிச்சு வைங்க!" என்று கத்தினான் யுகேந்திரன்.

குணவதி திரும்பி ஓடினார். யுகேந்திரன் கோகுலனை இடித்துத் தள்ளி, பூட்டை முதுகால் மறைத்துக்கொண்டான். டிக். திறந்த கையோடு மூன்று சக்கரங்களையும் கலைத்துவிட்டான்.

"என்னடா போட்ட?"

"குத்துமதிப்பாலா."

காரை விரட்டிய கோகுலன் ஜெலுத்தோங் தாண்டியும் ஓயவில்லை. "ஆயிரம் எண்ல ஒண்ணு, குத்துமதிப்பாவாம்..."

குணவதி வேறு காரில் வந்தார். பின் சீட்டில் பிரமிளா குனிந்தபடியே முணுமுணுத்தாள். "கடைசி எண் என்ன போட்டீங்க?"

"ஆறு."

வளையல் சத்தம் நின்றது.

யுகேந்திரன் அவள் விரல்களை மடக்கி எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. சரியா?"

"தெரிஞ்சுமா ரெண்டு கிளாஸ் குடிச்சீங்க?"

"பின்னாடி அம்மா நின்னாங்கல்ல."

"யாரு சொன்னா? ஷர்மினியா?"

"நீதான். மூணு மாசத்துக்கு முன்னாடி. கல்யாணப் பதிவு பாரத்தை நீயே நிரப்பிட்டு, கையால மறைச்சுக்கிட்டே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னேல்ல? பிறந்த தேதியை நல்லாத்தான் மறைச்ச. அடையாள அட்டை நம்பரை மறைக்கலை. அது பிறந்த வருஷத்துலதானே ஆரம்பிக்கும்? தொண்ணூத்தி மூணு."