இடைவெளிக்கான காரணம்

...டோக்கன் நாற்பத்தேழு, நமக்கு முன்னால் இன்னும் ஆறு பேர், ஒரு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள், இன்றைக்குச் சான்றிதழ் சரிபார்க்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று கல்லூரிக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பக்கத்து நாற்காலியில் சின்னவள் கோப்பை மூன்றாம் முறையாகப் பிரித்து அடுக்குகிறாள், என் மனைவியின் தங்கை, படித்தால் கணினி அறிவியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்பவள். அதற்குப் பள்ளியில் கணிதம் கட்டாயம், அதில் அறுபது சதவீதம் வேண்டும், போன வருஷம் ஐம்பத்தெட்டு வாங்கி அழுதாள், செப்டம்பரில் திரும்ப எழுதி எண்பத்தொன்று. மாற்றுச் சான்றிதழ், இருக்கிறது. நன்னடத்தைச் சான்றிதழ், "இதை மட்டும் யாரும் மூலப்பிரதி கேக்கக் கூடாது அத்தான்" என்கிறாள், நான் சிரித்திருக்க வேண்டும், மூலப்பிரதி என்று தன்னையேதான் சொல்கிறாள் என்பது ஒரு கணம் தாமதமாகத்தான் உறைத்தது, அதற்குள் சின்னவள் திரும்பிக்கொண்டாள்.

அந்த எண்பத்தொன்று அவளுடையது, என் மனைவியுடையது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு சாய்ந்துகொண்டு தங்கைக்குத் தொகையீட்டுக் கணக்கு நடத்தினாள், பென்சிலைத் தொடவிட மாட்டாள், தப்பாப் போட்டாலும் பேனாவில போடு, எங்க தப்புன்னு எனக்குத் தெரியணும் என்பாள், சலைன் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் டீச்சரம்மா, பாடத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க என்பார், மதிப்பெண் வந்த அன்று வார்டு முழுக்கச் சொல்லச் சொன்னாள், நான்தான் போய்ச் சொன்னேன், ஆறு கட்டில், ஆறு தடவை எண்பத்தொன்று. இப்போது யாராவது போனில் அவளைக் கேட்டால் இல்லை என்று மட்டும் சொல்கிறேன், எப்ப வருவாங்க என்கிறார்கள், தெரியலை என்று வைத்துவிடுகிறேன், பொய்யில்லையே... ஐம்பத்து மூன்று என்று பலகையில் எரிந்தது, சின்னவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கவுன்ட்டர் மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், படிப்பை விட்டு ஒரு வருஷம் ஆனவர்கள் இடைவெளிக்கான காரணம் எழுதித் தர வேண்டும், நான் எழுதி வைத்திருந்தேன், குடும்பச் சூழ்நிலை, இரண்டே சொல். "சார், இதத்தான் எல்லாரும் எழுதறாங்க. என்ன சூழ்நிலை? யாரு, எப்போன்னு தேதியோட வேணும், இல்லன்னா கமிட்டி திருப்பி அனுப்பிடும்." மணி பன்னிரண்டு நாற்பது. வெள்ளைத் தாள் வாங்கி அங்கேயே குனிந்து எழுதினேன், நோயுற்ற என் மனைவியை உடனிருந்து கவனித்துக்கொண்டார், அவர் நவம்பர் ஒன்பதாம் தேதி... பேனா நின்றது. காலமானார், அது அறிவிப்புப் பலகைச் சொல். தவறிவிட்டார், துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், எதைத் தவறவிட்டாள், பேருந்தையா? இறந்தார். எழுதிவிட்டேன். ஏழு மாதத்தில் முதல் தடவை, என் கையெழுத்தில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் ஒரு அப்பா தன் மகனிடம் ஜெராக்ஸ் எங்கேடா என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேடம் படித்தார், இன்னொரு தடவை படித்தார், குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார், கேக்கணும்கறதுக்காகக் கேக்கறேன். அக்டோபர்லயே மார்க் வந்தாச்சு, ஜனவரியில ஒரு சேர்க்கை இருந்துதே, அதுல ஏம்மா சேரலை?" எனக்குத் தெரியவில்லை. ஜனவரியில் ஒரு சேர்க்கை இருந்ததே இப்போதுதான் தெரியும். சின்னவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அப்போ வீட்டுல இன்னொருத்தருக்கு உடம்பு சரியில்ல மேடம்." யாருக்கு? மாமியாருக்கு முட்டிவலிதான், மாமனார் தினமும் நடைப்பயிற்சி போகிறவர்... டிசம்பர், ஜனவரி முழுக்கச் சின்னவள் தினமும் என் வீட்டுக்கு வந்தாள், சாயங்காலம் டிபன் கேரியரோடு வருவாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து கணக்குப் போடுவாள், குளிச்சீங்களா அத்தான் என்பாள், என் தூக்க மாத்திரை அட்டையைத் தன் பையில் வைத்துக்கொண்டு தினம் ஒன்று மட்டும் எடுத்துத் தந்தாள், ஏன் என்றதற்கு நீங்க எதையும் எங்கயாவது வச்சுத் தொலைச்சிடுவீங்க என்றாள், அக்கா நினைப்பில் தன் வீட்டில் இருக்க முடியாமல் வருகிறாள் பாவம் என்று நினைத்திருந்தேன், நான்தான் அவளுக்கு ஆறுதலாக இருக்கிறேன் என்றுகூட...

"அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க சார்" என்று மேடம் தாளை என் பக்கம் தள்ளினார், பிறகு சின்னவளிடம், "விடுதியில சேரப் போற, நாலு வருஷம், அவங்களுக்கு இப்பத் தேவலைதானேம்மா?" என்றார், சும்மா, ஒரு அக்கறைக்காக. சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது, இத்தனை நாளும் என்னிடம் கேட்கப் பயந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாளா, பேனா என் கையில்தான் இருக்கிறது, இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள், தேவலைதானா எனக்கு...