பினாங்குப் படகுக்கு ஓர் ஆள்

ராஜாம்பாளுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் சிரித்துப் பேசினாலே இன்றைக்குத் தண்ணீர் ஜாஸ்தி என்பாள். புருஷன் போன பிறகு கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு போட்டுத் தனியாளாய் வளர்த்த ஒரே மகன் தனசேகரன், கடலுக்குப் போகிறேன் என்று வந்து நின்றால் சும்மா விடுவாளா?

அவன் மூங்கில்துறைப்பட்டு ஆலையில் டீசல் என்ஜின் வேலை கற்றவன். புதுச்சேரி டாக்டர் ஒருவர் தம் சொந்தப் படகைப் பினாங்குக்குக் கொண்டுபோக என்ஜின் ஆள் தேடினார், இவனைப் பிடித்துப்போய்விட்டது. படகின் பதிவு, ரேடியோ லைசென்ஸ், சுங்கச் சீட்டு, துறைமுக அனுமதி எல்லாம் அலைந்து திரிந்து வாங்கியாயிற்று. பாக்கி இவனுடைய பாஸ்போர்ட் மட்டும்தான். தை மாதம் படகு கிளம்பும். அதற்குள் வராவிட்டால் வேறு ஆள் ஏறிக்கொள்வான். நேர்மையான காரியத்துக்கு எதற்கடா இத்தனை காகிதம், கடத்தலாகத்தான் இருக்கும் என்று ராஜாம்பாள் முரண்டு பிடித்தாள். டாக்டரே காரில் வந்து பேசிய பிறகுதான் அடங்கினாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஊரே சாலை மறியலுக்குப் போனது. லீவில் வந்திருந்த தனசேகரனும் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த கூட்டத்தில் நின்றான். பின்னாலேயே போலீஸ் வந்தது. வாலிபர்கள் கல்வராயன் மலையேறினார்கள். இவன் புதுச்சேரிக்கு நழுவினான். ஒருநாள் பேண்ட் போட்ட ஒருவன் வந்து, பேங்க் லோன் கிடைத்திருக்கிறது என்று அதே தெரு அம்மாசியின் மகனைக் கூப்பிட்டான். வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தவனைப் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள். அன்றே தெரு கூடிப் பேசி முடிவெடுத்தது: யார் வந்து யாரைக் கேட்டாலும் அப்படி ஓர் ஆளே இங்கே இல்லை.

ஐப்பசியில் ராஜாம்பாள் வாசலிலும் பேண்ட் போட்ட ஒருவர் வந்து நின்றார். தனசேகரன் வீடு இதுதானே, பாஸ்போர்ட் விசாரணை என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மாசி வீட்டுக்கு லோன், நம் வீட்டுக்குப் பாஸ்போர்ட்! எவனோ துப்புக் கொடுத்திருக்கிறான்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க. எனக்குப் புள்ளயே கெடையாது."

அவர் எதிர்வீட்டுப் பச்சையம்மாளைக் கேட்டார். அவளும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்றாள். வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். போலீஸையே ஏய்த்துவிட்டோம் என்று ராஜாம்பாளுக்கு ஒரே பெருமை.

மார்கழியில் தனசேகரன் முகம் செத்துப்போய் வந்தான். பாஸ்போர்ட் கிடையாதாம். விலாசத்தில் அப்படி ஓர் ஆளே இல்லையாம்.

"யாரு சொன்னான்னு கேட்டேம்மா. அந்த வூட்டு அம்மாவே சொன்னாங்கன்றாங்க."

அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினாள். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலை காட்டாதே என்று அவனை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனாள். பயத்தில் பொய் சொல்லிவிட்டேன், எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், அதை மாற்றி எழுதுங்கள் என்று அதிகாரியிடம் மன்றாடினாள். அவர் உட்காரச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த மரியாதையே அவளுக்கு உறுத்தியது.

"சரிம்மா, புள்ள இருக்கான். அப்ப மறியலன்னிக்கி வூட்லதான இருந்தான்?" பேனாவைத் திறந்தார். "மரம் வெட்டுன கேஸ்ல உங்க ஊர் ஆளுங்க இன்னும் கெடைக்கல."

ராஜாம்பாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். புத்தி பேதலித்து வந்துவிட்டேன், எனக்குப் பிள்ளை குட்டி எதுவும் இல்லை என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஆசையாக எழுந்தான் தனசேகரன்.

"இன்னாம்மா, எழுதிக்கினாங்களா?"

"இல்லன்னுட்டேன்டா. மறுபடியும் இல்லன்னுட்டேன்." நடுத்தெருவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "படகு போனாப் போவுது. நீ வூட்டுக்கு வா."

அவன் கையை உதறவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை அவளை அம்மா என்று கூப்பிடவும் இல்லை.