மச்சான் கூப்பிட்ட கரை

மனிதப் புவியியல் பாடம் அடுத்த ஆண்டும் இருக்குமா இருக்காதா என்று அன்று காலை பாடத்திட்டக் குழு முடிவு செய்ய இருந்தது. பாடம் போனால், அதை நடத்தும் ஆசிரியைக்கும் அந்தக் கல்லூரியில் வேலை இல்லை. கணவர் ஓர் ஊர், அவள் ஓர் ஊர் என்று பல ஆண்டுகள் அல்லாடிவிட்டு, இப்போதுதான் மகளோடு மூவரும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியிருந்தார்கள்.

எதிர்ப்பு புவியியல் துறைத்தலைவரிடமிருந்துதான். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாறை'. நடத்தும் பாடமும் அதுதான், குணமும் அதுதான். மண்ணையும் கல்லையும் வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம், மனிதர் கதை புவியியலே அல்ல என்பது அவர் கட்சி.

கூட்ட அறையில் எல்லோர் முன்னாலும் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கல்லூரி முதல்வர் வேதியியல் படித்த அம்மையார். "இந்தப் பாடத்தை யாரு ஆரம்பிச்சது? அங்கிருந்தே சொல்லுங்க" என்றார்.

"ஒரே ஆள்னு சொல்ல முடியாது மேடம்" என்றாள் ஆசிரியை. " ஜெர்மனியில ராட்சல்னு ஒருத்தர், விலங்கியல் படிச்சவர். நிலம் மனுஷனை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்குதுன்னு தேடினார். பிரான்ஸ்ல விதால் த லா பிளாஷ், வரலாறு படிச்சுட்டு வந்தவர். நிலம் வழியைத்தான் காட்டும், எதுல போறதுன்னு மனுஷன்தான் முடிவு பண்றான்னார்."

"ஆக, ஒரு விலங்கியல்காரர், ஒரு வரலாற்றுக்காரர்" என்றார் பாறை. "புவியியலுக்குப் பொறந்தவங்க யாருமே இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது.

"சார், நம்ம ஆத்தையே எடுத்துக்குங்க. ரெண்டு கரையிலயும் ஒரே களிமண், ஒரே தண்ணி. தெற்குக் கரை முழுக்கச் செங்கல் சூளை. வடக்குக் கரையில பேருக்குக்கூட ஒண்ணு இல்ல, எல்லாம் காய்கறித் தோட்டம். மண்ணை வெச்சு இதை எப்படிச் சொல்லுவீங்க?"

"மண்ணுல என்னங்க இருக்கு?" பாறைக்குக் குரல் உயர்ந்தது. "அங்க முதல் சூளை போட்டது எங்க தாத்தா. கைக்கு ஆள் வேணும்னு மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் தன் சகலையைக் கூட்டிட்டு வந்தார். சகலையோட தம்பி, தம்பியோட சம்பந்தி... வடக்குக் கரையில எங்களுக்கு யாரு இருந்தா? பொண்ணு குடுத்தவங்களும் எடுத்தவங்களும் இருக்கற இடத்துலதானே மனுஷன்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர் சூளைக் குடும்பத்துப் பிள்ளை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அவளுக்கும்தான் தெரியாது. மெதுவாகக் கேட்டாள்: "சார், ஒரு நாள் வந்து இதை என் வகுப்புல சொல்லுவீங்களா?"

முதல்வர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பாறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வரேன். ஆனா களிமண்ணைப் பத்தியும் சொல்லுவேன்."

"கண்டிப்பா சொல்லணும் சார். களிமண் இல்லாம சூளை ஏது?"

பாடம் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கியபோது, பாறையின் கை கடைசியில்தான் எழுந்தது. எழுந்ததே போதும்.

வராந்தாவுக்கு வந்து கணவரை அழைத்தாள்.

"என்னாச்சு?"

"இருக்கு."

மறுமுனையில் "அப்பாடா!" என்ற சத்தமும், பின்னாலிருந்து மகளின் குரலும் கேட்டன: "அப்ப வீடு மாற வேண்டாமாம்மா?"

"வேண்டாம்டி கண்ணு."

போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். காலையிலிருந்து ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வயிறு கபகபவென்று எரிந்தது. கேன்டீன் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.