தொண்டையில் வளர்ந்த முள்

“என்ட தொண்டைக்குள்ள ஒரு முள் நிக்குது. நிக்கிறது மட்டுமில்ல, மாசத்துக்கு மாசம் வளருது!”

ஸஹாப்தீன் இப்படிச் சொன்னதும், ஓர்ஸ் ஹில்லில் அவர் வீட்டு மதிலோரம் நின்ற அயலவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு கையால் கப்பல் இழுத்த கதையெல்லாம் ஏற்கெனவே சொன்னவர். யார் நம்புவார்கள்?

சிரிக்காதவர் மனைவி ஸுல்பிகா மட்டும்தான். அவருக்குக் கோபம். கணவரின் சாப்பாட்டுப் பீங்கானுக்குப் போகும் மீனில் முள்ளெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பவர் அவர்தான்.

“ஊர் முழுக்க என்ட மானத்த வாங்குறீங்க! ஒரு நாளாவது முள்ளோட தந்திருக்கனா?”

“நான் முள்ளச் சொல்றன் புள்ள. ஒன்னச் சொல்லல்ல.”

“எங்கட குசினியால போகாம வானத்தாலயா விழுந்த? ஒங்களுக்கு ஒண்டுமில்ல!”

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. சோற்றுருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொன்னார்கள், விழுங்கினார். கதலிப்பழம் விழுங்கச் சொன்னார்கள். அவர் விழுங்கிய பழத்தை அடுக்கியிருந்தால் கடலுக்கு மேலால் கிண்ணியாவுக்கு இரண்டாவது பாலம் போட்டிருக்கலாம். முள் அசையவில்லை.

முதல் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். இரண்டாமவர் மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்து, நெஞ்செரிவுக்குக் குளிசை கொடுத்தார். மூன்றாமவர் பிள்ளைகள் வெளிநாட்டிலா என்று விசாரித்து, மனதுக்குக் குளிசை கொடுத்தார். ஸஹாப்தீன் இரண்டு கிழமை தூங்கினார். முள் தூங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் விடியற்காலையே போய் நம்பர் துண்டோடு ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து, முள் இல்லை என்ற அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்தார்.

தொழுது முடித்து வலப்பக்கம் முகம் திருப்பிச் சலாம் கொடுப்பது லேசு. இடப்பக்கம் திரும்பினால் காதுவரை கத்தி இறங்கும்.

“கமராவுக்கே தெரியல்லயாம்!” என்றார் ஸுல்பிகா, வழக்கில் வென்றவர்போல.

ஸஹாப்தீன் சோற்றை விட்டு, வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். கதைவிடுவதையும் நிறுத்தினார். அதுதான் ஸுல்பிகாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. தாடையும் நோகிறது என்று கணவர் சொன்ன அன்று, பல் வைத்தியர் கீர்த்தனியிடம் ஸுல்பிகாவே கூட்டிப்போனார்.

கீர்த்தனி தொண்டையின் இடப்பக்கத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். ஸஹாப்தீன் கதிரையிலிருந்து கூரைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

“அங்கதான்! அங்கதான் டொக்டர்!”

முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

“எல்லாருக்கும் காதுக்குக் கீழ ஊசி மாதிரி ஒரு எலும்பு இருக்கும் ஐயா. மூண்டு சென்ரிமீற்றருக்குள்ள நிக்கும். உங்களுக்கு இடப்பக்கம் ஏழுக்குக் கிட்ட வளந்திருக்கு. திரும்பேக்க, விழுங்கேக்க நரம்பில முட்டுது. ஆயிரத்தில ஒருத்தருக்குத்தான் இப்பிடித் தொந்தரவு குடுக்கும். வெட்டிக் குறைக்கலாம்.”

“அப்ப மீன் முள் இல்லையா?” என்றார் ஸுல்பிகா.

“இல்லம்மா. இவற்ற சொந்த எலும்பு.”

ஸஹாப்தீனுக்கு அழுகை வந்தது. பேர் வைக்கக்கூடிய நோய் ஒன்று கடைசியில் அவருக்கும் கிடைத்துவிட்டது.

கண்டி ஆஸ்பத்திரியில் எலும்பை வாய்வழியாகவே வெட்டினார்கள். மூன்றாம் கிழமை பார்க்க வந்த அயலவர்களிடம், எலும்பு ஒரு முழம் என்றும், மர ஆலையிலிருந்து வாள் எடுப்பித்தார்கள் என்றும் ஸஹாப்தீன் ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தபடி ஸுல்பிகாவைப் பார்த்தார்கள்.

“முழமுமில்ல, வாளுமில்ல” என்றார் ஸுல்பிகா. பிறகு குரல் இறங்கியது. “ஆனா எலும்பு இருந்த. வளந்தும் இருந்த. ஒண்டரை வருசமா இந்த மனுசன் உண்மையத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் நம்பல்ல.”