மஸ்டர் ரோலில் இல்லாத பெயர்

ஒன்பது வருஷமாக வேலை பார்த்த ஆபீஸில், பார்வையாளர் பெஞ்சில் ஞானபாய் அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தாள். பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பியூன் சாம்பசிவன் மூன்று பேருக்கும் சாயா கொண்டுவந்தான். பழக்கதோஷத்தில் அவளுக்கு அவளுடைய டம்ளரிலேயே ஊற்றிவிட்டு, பாதி வழியில் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப்போய், விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் மாற்றி எடுத்து வந்தான்.

"சாயா எடுத்துக்கோங்க மேடம்" என்றான், ஊர் பேர் தெரியாதவளிடம் பேசுகிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது.

எல்லாம் சூப்பிரண்டு விஜயலக்ஷ்மியின் ஏற்பாடு. பழவங்காடிக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த அந்தக் குடிநீர்த் திட்ட ஆபீஸுக்கு, தெற்கே தமிழ்நாட்டு எல்லைப்பக்கத்து ஊர்களிலிருந்து மனுக்கள் தமிழில் வரும். குழாய் உடைந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கி வருகிறது. அவற்றை மலையாளத்தில் மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் ஞானபாயின் வேலை. நிரந்தர வேலை இல்லை. நூற்றெழுபத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் நிறுத்தம், மறுபடியும் நூற்றெழுபத்தொன்பது நாள். நூற்றெண்பது ஆகிவிட்டால் ஆள் உரிமை பேச ஆரம்பித்துவிடுவாள் என்று சர்க்காருக்குப் பயம். அந்த ஒரு நாளும் அவள் பாறசாலையிலிருந்து பஸ் பிடித்து வந்து வேலை பார்த்துவிட்டுத்தான் போவாள். கையெழுத்து மட்டும் போடமாட்டாள்.

2003 ஜூனில் உத்தரவு வந்தது, இனிமேல் தினக்கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்று. ஞானபாயின் புருஷன் நேசமணி ரப்பர் தோட்டத்தில் விழுந்து இடுப்பொடிந்து இரண்டு வருஷமாக வீட்டில் கிடந்தான். மகள் ஷிஜி பிளஸ் டூ படித்தாள். உத்தரவைப் பார்த்த அன்று ஞானபாய் கொண்டுவந்த சோற்றைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனாள்.

உத்தரவை முன்னும் பின்னும் புரட்டிப் படித்தது விஜயலக்ஷ்மிதான். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து, இருபத்தெட்டு வருஷம் சர்க்கார் ஃபைல்களோடு மல்லுக்கட்டியவள். எந்த விதியில் எங்கே சந்து இருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி.

"தினக்கூலிதானே கூடாது? கன்சல்டன்ட் வெச்சுக்கலாமாக்கும். வெளியாளா இருக்கணும். மூணு பேராவது அப்ளிகேஷன் போட்டிருக்கணும். ரெண்டு வருஷத்துக்குள்ள இந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்கியிருக்கப்படாது. அவ்வளவுதான் ரூல்."

"மேடம், நான் போன மாசம் வரைக்கும் இங்கதானே இருந்தேன்…"

"நீயா? மஸ்டர் ரோல்ல ஒன் பேரைக் காட்டு பாப்போம்."

மஸ்டர் ரோல் என்பது தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு. அவள் சேர்ந்த அன்று அதில் பெயர் எழுதியவர் நாகேஸ்வரன் என்ற கிளார்க். ஞானபாய் என்று அவள் சொன்னதும், "பாயா? சுருட்டி வெக்கிற பாயா?" என்று கேட்டு, பெரிய ஹாஸ்யம் பண்ணிவிட்ட திருப்தியில் ஞானம்மா என்று எழுதிவிட்டார். பதிவேட்டில் இருக்கிற பெயரில் கையெழுத்துப் போட்டால்தான் கூலி. அன்று முதல் ஒன்பது வருஷம் அவள் மலையாளத்தில் ஞானம்மா என்று கையெழுத்துப் போட்டாள். பெயரைத் திருத்தச் சொல்லி ஏழு மனுக் கொடுத்தாள். ஏழும் பரிசீலனையில் இருந்தன. எந்தத் தப்புக்காக இத்தனை வருஷம் அழுதாளோ, அதே தப்புக்கு இப்போது ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதாயிற்று.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேட்டியோ? புதுசா வந்தவளாட்டம் இரு" என்று சொல்லித்தான் விஜயலக்ஷ்மி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள்.

மூன்றாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே டைரக்டர், விஜயலக்ஷ்மி, செகரட்டேரியட்டிலிருந்து வந்திருந்த நிதி அதிகாரி. டைரக்டர் ஒரு தமிழ் மனுவை நீட்டினார். ஞானபாய் தடங்கலில்லாமல் அதை மலையாளத்தில் வாசித்தாள். டைரக்டர் தலையாட்டினார். நிதி அதிகாரி மட்டும் மஸ்டர் ரோலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மலையாளத்தில் கேட்டார்.

"இந்த ஆபீஸில் முன்னால் வேலை பார்த்ததுண்டா?"

"இல்ல சார்."

"அப்படியானால் இந்த ஞானம்மா யார்? இதே பாறசாலை, இதே வேலை."

பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பினார். வரிசை வரிசையாக அவள் கையெழுத்து. ஷிஜிக்கு மஞ்சள்காமாலை வந்தபோதும், நேசமணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஓடிவந்து போட்ட கையெழுத்துகள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் அவள். பொய் சொல்லக் கூடாது என்பது முதல் பாடம். விஜயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேர்ல எனக்கு ஆரையும் தெரியாது சார்."

அதிகாரி அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். விண்ணப்பத்தில் தமிழ்க் கையெழுத்து, பதிவேட்டில் மலையாளம். அவருக்குப் புரிந்ததா, புரியாதது மாதிரி இருந்தாரா என்று ஞானபாய்க்குக் கடைசிவரை தெரியவில்லை. "ரெக்கார்டுபடி வேற ஆள்" என்று சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார். இந்த அலுவலகத்தில் எக்காலத்திலும் எவ்வகையிலும் பணிபுரிந்ததில்லை, முன்பணி சார்ந்து எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் தன் சொந்தப் பெயரை, தமிழில், அழகாக எழுதினாள். பதினொரு மாத ஒப்பந்தம் கையில் வந்தது.

படி இறங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். ரோட்டைத் தாண்டி டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து, வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போன் போட்டாள். நேசமணி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"கெடச்சாச்சு, ஷிஜிக்க அப்பா! கன்சல்டன்டா போட்டிருக்காவ!"

"கன்சல்டன்டா? எந்த ஆஸ்பத்திரியில? ஒனக்கு என்னட்டி அசுகம்?"

"எனக்கு ஒரு அசுகமும் இல்ல. பழைய வேலைதான். நாளைக்கும் போணும்."

எதிர்முனையில் கம்பைச் சுவரில் சாய்த்துவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு "ஸ்தோத்திரம்" என்று கேட்டது. ஞானபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மார்பில் ஒரு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போனது. வரும்போது பழவங்காடியில் எல்லோருக்கும் நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது விஜயலக்ஷ்மி மேஜை முழுவதும் மஸ்டர் ரோலை விரித்துவைத்து, ஸ்கேல் பிடித்துச் சிவப்பு மையால் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டிருந்தாள்.

"தினக்கூலி ஆள் இல்லேன்னா இந்த ரோலும் வேண்டாமே. இன்னிக்கே முடிச்சு அனுப்பணுமாம்." பழம்பொரியை ஒரு கடி கடித்தாள். "நன்னாருக்கு. ஆமாம், ஒன் ஏழு மனுவையும் திருத்த ஒண்ணுமில்லேன்னு எழுதி மூடிட்டேன், கேட்டியோ."

"சரி மேடம். ரொம்ப உபகாரம்."

அடுத்த வரி ஞானம்மா. நோட்டு தடிமன், தாள் சுருண்டு சுருண்டு எழுந்தது, ஸ்கேல் ஒரு பக்கமாக நழுவியது. விஜயலக்ஷ்மிக்கு ஒரு கை போதவில்லை.

"இந்தா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. கோணிப்போனா ஆடிட்காரன் கேள்வி கேப்பான்."

ஞானபாய் எண்ணெய்க் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, ஸ்கேலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சிவப்புப் பேனா பெயரில் தொடங்கி, கையெழுத்துகளின் மேலாக, கடைசிக் கட்டம்வரை போயிற்று. மை காயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.